கிங்ஸ் லின் துறைமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிங்ஸ் லின் எங்கே இருக்கிறது? கடற்கரை ஊரா, ஆற்றங்கரை ஊரா?

இங்கிலாந்தின் கிழக்கில், நார்ஃபோக் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் கேம்பிரிட்ஜ், ஈலி வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது, கடைசி நிலையம் இதுதான்.

ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி ஆறு வாஷ் என்ற ஆழமில்லாத அகன்ற வளைகுடாவில் கலக்கிறது. ஊரில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், நாளுக்கு இரண்டு முறை படித்துறை வரை ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் போனால் இரண்டு கரையிலும் ஆளுயரத்துக்கு மேல் பழுப்புச் சேறு பளபளக்கும். சில மணி நேரம் கழித்துப் போனால் அதே இடத்தில் சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருக்கும். துறைமுகம் என்றதும் எல்லோரும் கடல் பக்கம்தான் பார்ப்பார்கள். லின்னுக்குச் சோறு போட்டது என்னவோ முதுகுப் பக்கம் இருந்த ஆறு. கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

ஊர் எப்படித் தோன்றியது?

உப்பில். வாஷ் கரையில் கடலோர மணலை அலசி உப்புநீர் எடுத்து, அதைக் காய்ச்சி உப்பாக்கினார்கள். எரிக்க அக்கம்பக்கத்துச் சதுப்பிலிருந்து வெட்டிய கரி மண் கிடைத்தது. அலசிப் போட்ட மணல் வருடக்கணக்கில் மேடாகி, ஈர நிலத்தில் கால் ஊன்ற ஒரு திட்டு உருவானது. அந்தத் திட்டில் தானாகவே ஒரு சந்தை கூடியது.

நாரிச் ஆயர் ஹெர்பர்ட் டி லொசிங்கா 1101 வாக்கில் அங்கே செயின்ட் மார்கரெட் தேவாலயத்தை எழுப்பி, சனிக்கிழமைச் சந்தைக்கும் ஆண்டுத் திருவிழாச் சந்தைக்கும் ஒழுங்கு செய்தார். பக்தி ஒரு பக்கம், வரி வசூல் இன்னொரு பக்கம். வியாபாரம் பெருகவே, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் வடக்கே இன்னொரு குடியிருப்பு, அதற்கு செயின்ட் நிக்கலஸ் சிற்றாலயம், செவ்வாய்க்கிழமைச் சந்தை என்று வந்துவிட்டது. இன்றும் ஊரில் இரண்டு பெரிய சதுக்கங்கள் இருப்பது அதனால்தான்: ஒன்றுக்குப் பெயர் சனிச் சந்தைச் சதுக்கம், மற்றதற்குச் செவ்வாய்ச் சந்தைச் சதுக்கம்.

பெயரில் உள்ள அரசர் யார்?

எட்டாம் ஹென்றி. அதுவரை ஊர் ஆயரின் சொத்து, பெயரும் பிஷப்ஸ் லின். 1204இல் ஜான் மன்னர் நகர உரிமைப் பட்டயம் கொடுத்தபோதுகூட ஆயரின் பிடி விடவில்லை. ஹென்றி திருச்சபைச் சொத்துகளைத் தன் வசமாக்கியபோது இதுவும் கைமாறி, 1537இல் கிங்ஸ் லின் ஆனது. உள்ளூர்க்காரர்கள் ஆயரையும் சொல்வதில்லை, அரசரையும் சொல்வதில்லை. வெறும் லின்தான்.

ஒரு சின்ன உப்புச் சந்தை எப்படிப் பெரிய துறைமுகம் ஆனது?

ஆறு இடம் மாறியது. முன்பு கிரேட் ஊஸின் பெருநீர் மேற்கே விஸ்பெக் என்ற ஊர் வழியாகக் கடலுக்குப் போனது. லின் பக்கம் வந்தவை நார், கேவுட் போன்ற சிறு ஆறுகள்தான். 13ஆம் நூற்றாண்டில் விஸ்பெக் கழிமுகம் வண்டல் அடைத்துத் தூர்ந்துபோக, ஊஸின் நீர் லின் பக்கம் திருப்பப்பட்டது. விஸ்பெக்குக்கு நஷ்டம், லின்னுக்கு யோகம்.

அதன் பிறகு கேம்பிரிட்ஜ், ஹண்டிங்டன், பெட்ஃபோர்ட் என்று உள்நாட்டின் நடுப்பகுதி வரை லின்னிலிருந்து படகிலேயே போக முடிந்தது. தார்ச் சாலை இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். படகுக்கு அந்தக் கவலை இல்லை. பிற்காலத்தில் தட்டையான சரக்குப் படகுகளை ஐந்தைந்தாக ஒன்றன்பின் ஒன்று பிணைத்து, கரையில் நடக்கும் குதிரை இழுத்துக்கொண்டு போகும். கேம்பிரிட்ஜில் நடந்த புகழ்பெற்ற ஸ்டோர்பிரிட்ஜ் சந்தைக்குப் போன சரக்கில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் போயிற்று.

வெளியே போனவை ஆட்டு ரோமம், தானியம், உப்பு. உள்ளே வந்தவை பிரான்சின் காஸ்கனிப் பகுதி ஒயின், நார்வே கருவாடு, பால்டிக் கரையிலிருந்து மரம், கப்பலுக்குப் பூசும் கீல், மெழுகு, மிருகத்தோல். அப்புறம் நியூகாசில் நிலக்கரி. இடைக்காலத்தில் நாட்டின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்றாக லின் இருந்தது.

அந்தச் செழிப்பில் எல்லோருக்கும் பங்கு இருந்ததா?

இல்லை. 1190இல் இங்கிலாந்தின் பல ஊர்களில் யூதர்கள் மீது வெறியாட்டம் நடந்தபோது லின்னும் தப்பவில்லை. இங்கிருந்த யூதர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் கொளுத்தப்பட்டன. கலகத்தை ஆரம்பித்தது உள்ளூர்க்காரர்கள் அல்ல, துறைமுகத்துக்கு வந்திருந்த வெளியூர் மாலுமிகள்தான் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் பழியைத் திருப்பிவிட்டார். எந்த ஊரிலும் சொல்லும் சாக்குதான். சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் தேடினால் ஒரு வரி கிடைத்தாலே அதிகம்.

ஜான் மன்னர் தன் புதையலை இங்கேதான் தொலைத்தாரா?

இங்கே இல்லை, இங்கிருந்து கிளம்பிய பிறகு. 1216 அக்டோபரில், பிரபுக்களோடு நடந்த உள்நாட்டுப் போரின் நடுவே, ஜான் லின்னில் தங்கிவிட்டு மேற்கே புறப்பட்டார். அவருடைய சாமான் வண்டிகள் கழிமுகத்தைக் குறுக்கே கடக்கும்போது ஓதத்திலும் புதைமணலிலும் சிக்கிக்கொண்டன. ஒரு வாரம் போல ஆனதும் நெவார்க் கோட்டையில் மன்னரும் இறந்துபோனார். வண்டியில் என்ன இருந்தது, எவ்வளவு போயிற்று என்பதில் அன்றே ஆளுக்கொரு கதை. அந்தக் கழிமுகத்தின் பெரும்பகுதி இப்போது விளைநிலம். தேடியவர்கள் கைக்கு எதுவும் அகப்படவில்லை.

நகர அருங்காட்சியகத்தில் ஜான் மன்னர் கிண்ணம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூசி, வண்ண எனாமலில் வேட்டைக்காரர்களும் சீமாட்டிகளும் தீட்டப்பட்ட அற்புதமான வேலைப்பாடு. ஆனால் அது 1340 வாக்கில் செய்யப்பட்டது. ஜான் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு! பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அவருடைய பெயர் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டிய பொருள்.

ஹான்சா என்கிறார்களே, அது என்ன? லின்னுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வட ஜெர்மனியிலும் பால்டிக் கரையிலும் இருந்த வணிக நகரங்களின் கூட்டமைப்பு அது. லூபெக், ஹாம்பர்க், டான்சிக் (இன்றைய கதான்ஸ்க்) எல்லாம் அதில் உண்டு. தனி அரசு கிடையாது. ஆனால் கப்பல்களை நிறுத்தியே அரசர்களைப் பணியவைக்கும் பலம் இருந்தது. லின் வணிகர்களும் டான்சிக்குக்குப் போய்த் தங்கி வியாபாரம் செய்தார்கள், அவர்களும் இங்கே வந்தார்கள். நடுநடுவே சண்டை, சரக்குப் பறிமுதல், மறுபடி சமாதானம்.

இதில் ஒரு சுவையான சம்பவச் சங்கிலி இருக்கிறது. 1470 அக்டோபரில் நான்காம் எட்வர்ட் அரியணையை இழந்து, லின்னிலிருந்துதான் கப்பலேறி ஹாலந்துக்குத் தப்பினார். கப்பல்காரருக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல், ரோம உள்வரி தைத்த தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தார் என்று அக்காலப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் டி கொமீன் எழுதியிருக்கிறார். அப்போது இங்கிலாந்துக்கும் ஹான்சாவுக்கும் போர். வழியில் ஹான்சா கப்பல்கள் எட்வர்டைத் துரத்தின. அடுத்த வருடமே அவர் திரும்பி வந்தபோது துணைக்கு வந்ததும் ஹான்சா கப்பல்கள்தான்! மாமன் மச்சான் உறவெல்லாம் இல்லை, நல்ல விலை பேசியிருந்தார்கள். 1474 உட்ரெக்ட் உடன்படிக்கையில் அந்த விலை கொடுக்கப்பட்டது: லண்டன், பாஸ்டன், லின் மூன்று ஊர்களிலும் அவர்களுக்குச் சொந்த வளாகம்.

பாஸ்டன் என்றதும் அமெரிக்கா போய்விடாதீர்கள். வாஷின் மறுகரையில் லிங்கன்ஷயரில் உள்ள பழைய பாஸ்டன்.

லின்னில் 1475 வாக்கில் எழுந்த ஹான்சா வளாகம் செயின்ட் மார்கரெட் தேவாலயத்துக்கு எதிரிலேயே நிற்கிறது. ஆற்றை நோக்கி நீளும் செங்கல்லும் மரமுமான பண்டகசாலை வரிசை, நடுவில் குறுகலான முற்றம். 1751இல் அதை விற்றுவிட்டுப் போனார்கள். லண்டனிலும் பாஸ்டனிலும் இருந்தவை தடமில்லாமல் போய்விட, இங்கிலாந்தில் தப்பிப் பிழைத்த ஹான்சா கட்டடம் இது ஒன்றுதான். இக்காலத்தில் பழைய ஹான்சா நகரங்கள் பண்பாட்டு அமைப்பாக மீண்டும் கூடியபோது, 2005இல் லின்னும் போய்ச் சேர்ந்துகொண்டது.

பழைய படித்துறை இப்போது எங்கே?

தெருக்களுக்குள். கரையோரம் வண்டல் சேர, வணிகர்கள் குப்பையும் மண்ணும் கொட்டி நிலத்தை ஆற்றுப் பக்கமாக நீட்டிக்கொண்டே போனார்கள். ஆறு மேற்கே தள்ளிப்போக, அவர்களுடைய வீடுகள் பின்பக்கமாக வளர்ந்தன. தெருவைப் பார்த்து வீட்டு வாசல், பின்னால் முற்றம், அதற்கும் பின்னால் ஆறு வரை நீண்ட பண்டகசாலை. நெல்சன் தெருவில் உள்ள ஹாம்ப்டன் கோர்ட்டைப் பாருங்கள். அதன் ஆற்றுப் பக்கப் பகுதியில் வரிசையாக வளைவு வாசல்கள் தெரியும். இடைக்காலத்தில் படகிலிருந்து நேரே சரக்கை ஏற்றிக்கொண்ட வாசல்கள் அவை. இப்போது அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே கட்டடங்களும் சாலையும் வந்துவிட்டன.

குயின் தெருவில் கிளிஃப்டன் ஹவுஸ் என்ற வணிகர் வீட்டின் பின்புறம் ஐந்து மாடிக் கோபுரம் ஒன்று முதலாம் எலிசபெத் காலத்தில் கட்டப்பட்டது. கப்பல் வருகிறதா என்று பார்க்கத்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அக்கம்பக்கத்து வணிகர்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்பவும் அது உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

மார்ஜரி கெம்ப் யார்? ஏன் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்?

லின்னின் மிகச் சுவாரஸ்யமான மனுஷி என்று நான் சொல்வேன். 1373 வாக்கில் பிறந்தவர். அப்பா ஜான் பிரன்ஹாம் ஐந்து முறை மேயர். பெரிய இடத்துப் பெண், அந்த மிதப்பும் இருந்தது. சொந்தமாக மது வடித்து விற்றுப் பார்த்தார். நுரை நிற்கவில்லை, தொழில் படுத்தது. குதிரை மாவு ஆலை வைத்தார். குதிரைகள் இழுக்க மறுத்தன. கடவுள் ஏதோ சொல்கிறார் என்று முடிவுக்கு வந்தார்.

பதினான்கு பிள்ளைகள் பெற்ற பிறகு கணவரைச் சம்மதிக்கவைத்து பிரம்மச்சரியம் பூண்டு, வெள்ளையுடையில் ஜெருசலேம், ரோம், ஸ்பெயினின் சந்தியாகோ என்று யாத்திரை கிளம்பினார். போன இடத்திலெல்லாம் பக்தி மேலிட்டு வாய்விட்டு அழுதார். கூடவந்த யாத்ரிகர்களே தாங்க முடியாமல் அவரைக் கழற்றிவிடப் பார்த்தார்கள். மதவிரோதி என்று பிடித்து விசாரித்தபோதெல்லாம் பேசியே தப்பினார். முதிய வயதில் ஜெர்மன் மருமகளோடு டான்சிக் வரை கப்பலேறிப் போனார். ஹான்சா வழித்தடம் சரக்குக்கு மட்டுமல்ல, சம்பந்தம் கலப்பதற்கும் இருந்திருக்கிறது.

எழுதத் தெரியாததால் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தார். ஆங்கிலத்தில் கிடைத்த முதல் தன்வரலாறு என்று அதைச் சொல்வார்கள். முழுக் கைப்பிரதி 1934இல்தான் ஒரு கிராமத்து மாளிகையில் அகப்பட்டது. 1421இல் லின்னில் பெருந்தீ பிடித்து வணிகர் சங்கக் கூடம் எரிந்ததும், தேவாலயத்துக்கும் தீ பரவும் என்று நடுங்கிய நேரத்தில் பனி கொட்டி அணைத்ததும் அதில் வருகிறது. பனிக்குக் காரணம் தன் பிரார்த்தனை என்று அவர் நம்பினார். எரிந்த கூடத்துக்குப் பதிலாகக் கட்டியதுதான் சனிச் சந்தையருகே கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள் போட்ட முகப்போடு நிற்கும் டிரினிட்டி கூடம்.

ஷேக்ஸ்பியர் இங்கே நடித்தாரா?

நடித்திருக்கலாம். 1592, 93இல் கொள்ளைநோயால் லண்டன் அரங்குகள் மூடப்பட்டபோது நாடகக் குழுக்கள் வெளியூர் சுற்றின, லின்னுக்கும் வந்தன. வந்த குழுவில் ஷேக்ஸ்பியர் இருந்தாரா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. இங்குள்ள செயின்ட் ஜார்ஜ் சங்கக் கூடத்தில் 1445லேயே நாடகம் நடந்திருக்கிறது. அந்தப் பெருமையே போதும், ஷேக்ஸ்பியரை இழுக்க வேண்டியதில்லை.

ஆற்றங்கரையில் உள்ள அழகான சுங்க மாளிகையைக் கட்டியது அரசாங்கமா?

இல்லை. 1683இல் சர் ஜான் டர்னர் என்ற ஒயின் வணிகர் வியாபாரிகள் கூடிப் பேரம் பேசுவதற்காகக் கட்டியது. வடிவமைத்தவர் ஹென்றி பெல், உள்ளூர்க்காரர், இரண்டு முறை மேயராகவும் இருந்தவர். பிறகுதான் சுங்கத்துறை கைக்குப் போனது. பர்ஃப்ளீட் என்ற சிறு ஓடை ஆற்றில் சேரும் முனையில், சாம்பல்நிறக் கல்லில், உச்சியில் சின்னக் கோபுரத்தோடு நிற்கிறது. முகப்பு மாடத்தில் இரண்டாம் சார்லஸ் சிலை. பெரிய கட்டடம் இல்லை. ஆனால் அந்த மூலையில் வேறு எதை வைத்தாலும் பொருந்தாது.

செயின்ட் மார்கரெட் தேவாலயக் கோபுரத்தில் உள்ள விசித்திரமான கடிகாரம் என்ன காட்டுகிறது?

மணி காட்டாது; ஓதம் எப்போது ஏறும் என்று காட்டும். தாமஸ் டூ என்பவர் 1680களில் செய்தது. பன்னிரண்டு எண்களுக்குப் பதில் 'லின் ஹை டைட்' என்பதன் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளைச் சுற்றிவர எழுதியிருக்கிறார்கள். பச்சைநிறப் பறவைநாகம் ஒன்று நாக்கை நீட்டி, அடுத்த பெருக்கு எத்தனை மணிக்கு என்று சுட்டும். நடுவே நிலவின் வளர்பிறை தேய்பிறையும் உண்டு. கப்பல்காரனுக்கு வேண்டிய கடிகாரம் இதுதான். எட்டு மணி ஆனால் என்ன, ஒன்பது ஆனால் என்ன, தண்ணீர் வந்தால்தானே கிளம்ப முடியும்?

உள்ளே போனால் இரண்டு பெரிய பித்தளைக் கல்லறைத் தகடுகளைத் தேடிப் பாருங்கள். ஒன்றில், 1364இல் இறந்த வணிகர் ராபர்ட் பிரான்ச் தன் இரண்டு மனைவியருக்கு நடுவே நிற்கிறார். அவர்கள் காலடியில் ஒரு விருந்து. மயிலைத் தட்டில் ஏந்திப் பரிமாறுகிறார்கள். ஃபிளாண்டர்ஸ் பாணி வேலை. கல்லறைத் தகடுவரை கப்பலில் வந்திறங்கிய ஊர்.

கனடாவின் வான்கூவருக்கும் லின்னுக்கும் என்ன தொடர்பு?

ஜார்ஜ் வான்கூவர் 1757இல் இங்கே பிறந்தார். அப்பா சுங்க அதிகாரி. ஜேம்ஸ் குக்கின் இரண்டாம், மூன்றாம் பயணங்களில் இளம் மாலுமியாகப் போனவர், 1791 முதல் 1795 வரை தானே தலைமை தாங்கி அமெரிக்காவின் வடமேற்குக் கரையை அளந்து வரைபடமாக்கினார். நாற்பது வயதிலேயே இறந்துவிட்டார். சுங்க மாளிகை பக்கத்தில் சிலை இருக்கிறது.

பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலும் ஏறக்குறைய நாற்பது வருடம் லின்னின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

திமிங்கல வேட்டை நடந்ததாமே?

நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிரீன்லாந்துக் கடலுக்குக் கப்பல் போனது. கொழுப்பை நார் ஆற்றங்கரையில் காய்ச்சினார்கள். நாற்றம் ஊரைத் தூக்கியிருக்கும்.

ரயில் வந்தது துறைமுகத்துக்கு நல்லதா, கெட்டதா?

முதலில் அடி, பிறகு மருந்து. 1821இல் ஓ பிரிங்க் என்ற நேர்க்கால்வாயை வெட்டி ஆற்றின் பெரிய வளைவு ஒன்றை நிமிர்த்தியிருந்தார்கள். அந்தச் செலவின் பலனை அனுபவிப்பதற்குள் 1847இல் ஈலியிலிருந்து ரயில் வந்துவிட்டது. நிலக்கரியும் தானியமும் தண்டவாளத்துக்குத் தாவின. உள்நாட்டுக்கு ஒரே வாசல் என்ற ஐந்நூறு வருடத்து உரிமை சில ஆண்டுகளில் காலி.

ஊர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஓதம் வற்றினாலும் கப்பல் மிதந்துகொண்டிருக்கும்படி மதகு வைத்த கப்பல் தளங்களை வெட்டி, அதற்குள்ளேயே ரயிலைக் கொண்டுவந்தார்கள். 1869இல் அலெக்சாண்ட்ரா தளம், 1883இல் பென்டிங்க் தளம். முதலாவதன் பெயர் பக்கத்துச் சாண்ட்ரிங்ஹம் மாளிகையின் இளவரசி அலெக்சாண்ட்ராவுடையது.

மீனவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்?

செயின்ட் நிக்கலஸ் ஆலயத்தைச் சுற்றி, நார்த் எண்ட் என்ற பகுதியில். இறால், சிப்பி, மட்டி எடுத்துப் பிழைத்தவர்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே. 20ஆம் நூற்றாண்டில் குடிசை அகற்றுகிறோம், சாலை போடுகிறோம் என்று அந்தப் பகுதியை ஏறக்குறைய மொத்தமாக இடித்துத் தள்ளினார்கள். வணிகர் மாளிகைகளைக் காப்பாற்றிய அக்கறையில் கால்வாசி இதற்குக் காட்டியிருக்கலாம். மிஞ்சிய இரண்டு சின்னஞ்சிறு வீடுகள் ட்ரூஸ் யார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பெரிய குடும்பம் அதற்குள் எப்படிப் படுத்தது என்று உள்ளே நுழைந்து பார்த்தால்தான் உறைக்கும்.

1953 வெள்ளத்தில் என்ன நடந்தது?

ஜனவரி 31 இரவு வடகடலில் புயல் தள்ளிய நீரும் பெரிய ஓதமும் சேர்ந்து வந்தன. லின்னில் மட்டும் பதினைந்து பேர் இறந்தார்கள். இங்கிலாந்து முழுவதும் முந்நூறுக்கு மேல். ஹன்ஸ்டன்டனிலிருந்து லின்னுக்கு வந்துகொண்டிருந்த மாலை 7.27 ரயில் மீது வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு வீடே மோதியது. எச்சரிக்கை சொல்லும் முறை அன்று சரியாக இல்லை. வடக்கே நீர் ஏறியதை அறிந்தவர்கள் தெற்கே சொல்லவில்லை. 1978இல் தண்ணீர் இன்னும் உயர்ந்து வந்தது. ஆனால் உயிர்ச்சேதம் அந்த அளவுக்கு இல்லை. செயின்ட் மார்கரெட் மேற்கு வாசல் ஓரத்தில் இரண்டு வெள்ளங்களின் குறியும் வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நின்று உங்கள் உயரத்தோடு ஒப்பிடலாம்.

இன்றும் துறைமுகம் இயங்குகிறதா?

இயங்குகிறது. மரமும் தானியமும்தான் முக்கியம், அந்த வகையில் ஹான்சா காலத்திலிருந்து பெரிய மாற்றம் இல்லை. ஊர்தான் மாறிவிட்டது. 1960களில் லண்டனின் நெரிசலைக் குறைக்க அங்கிருந்த குடும்பங்களை இங்கே குடியேற்றினார்கள். அதற்காக நடு ஊரில் பழைய தெருக்களை இடித்துக் கடைவளாகம் கட்டினார்கள். அந்த இடிப்பை இன்றும் மன்னிக்காத பெரியவர்கள் உண்டு.

ஒரு நாளில் போய்வர முடியுமா? எப்போது போகலாம்?

தாராளமாக. ரயில் நிலையத்திலிருந்து எல்லாமே நடைதூரம். பிப்ரவரி 14இல் தொடங்கி செவ்வாய்ச் சந்தைச் சதுக்கத்தில் மார்ட் என்ற பழைய திருவிழா நடக்கும். நீராவி ராட்டினங்களுக்குப் பேர்போன ஃபிரெடரிக் சாவேஜின் தொழிற்சாலை இருந்த ஊர் என்பதால் ராட்டினத்துக்குக் குறைவிருக்காது. குளிர் மட்டும் கொல்லும். எதிர்க்கரையில் உள்ள மேற்கு லின்னுக்குப் படகுத்துறை 1285 முதல் பதிவில் இருக்கிறது. படகு ஓடும் நாளாகப் பார்த்துப் போனால் அக்கரையிலிருந்து ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கிளம்பும் முன் ரயில் நேரத்தோடு ஓத நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வற்றும் நேரத்தில் போய்ச் சேறு மட்டும் பார்த்துவிட்டு, ஆறு எங்கே என்று கேட்டுத் திரும்பியவர்கள் நிறைய.